மோத்தி குடிக்கிற தண்ணீர்

பாப்பா,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. என் நலம் உன் அம்மா மூலமாக உனக்குத் தினமும் வந்துவிடுகிறது. உன் நலத்தைக் கேட்டபோதெல்லாம் நீ ஒட்டகத்தின் நலத்தைத்தான் சொல்லியிருக்கிறாய். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. யாரைப் பார்த்து என்று கேட்டால் நீ சிரிப்பாய். ராஜஸ்தானத்தில், ஜெய்சல்மேரையும் தாண்டி ஒரு மணல்காட்டில் முள்ளைத் தின்றுகொண்டு நிற்கும் மோத்தி என்ற பெண் ஒட்டகத்தைப் பார்த்து. அறுபதைத் தாண்டிய மனுஷன் ஒரு மிருகத்தோடு போட்டி போடுகிறானே என்று உன் அம்மாவும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பெற்ற மகளை ஒட்டகத்துக்கு விட்டுக்கொடுத்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய்: "வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேம்பா. மாசக் கடைசியில ஊருக்கு வந்துடறேன். ஆலங்காயம் பக்கம் ஒரு பால் பண்ணையில மாட்டு டாக்டர் வேலை பேசியிருக்கேன். இனிமே உன்கூடத்தான்." எனக்கு அதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். நீ மறுபடி சொன்னாய். இரண்டாவது தடவை சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது. அதை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன். இந்தக் கடிதம் அந்த வேலையைப் பற்றித்தான். நீ வருவதா, வராமல் இருப்பதா என்பதைப் பற்றி. மாசக் கடைசிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நினைத்தால் வாயில் வேறொன்று வருகிறது, அதன் லட்சணத்தைத்தான் பார்த்தாயே. அதுவும் போக, எனக்கு எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வந்து இந்த சத்துவாச்சாரி டயாலிசிஸ் சென்டரில் அரை நாள் மல்லாந்து கிடக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். அதை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கிறது. நீ பரீட்சைக்கு வைத்திருந்த அட்டையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மிஷினைத் திட்டு.

ஒட்டகத்துக்கும் எனக்கும் உள்ள இந்தப் பகை இன்று நேற்று வந்ததல்ல. உனக்கு நாலைந்து வயது இருக்கும். ஆம்பூரில் நம் தெருவுக்கு வடநாட்டுக்காரன் ஒருவன் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வந்தான். முதுகில் சிவப்புத் துணி, கழுத்தில் மணி, பிள்ளைகளை ஏற்றித் தெருக்கோடி வரை ஒரு சுற்று. மற்றப் பிள்ளைகள் கிட்டே போகவே அலறினார்கள். நீ அதன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஏற்றிவிட்டேன். சுற்று முடிந்து இறங்கு என்று கையை நீட்டினால் நீ வரவில்லை. அதன் மயிரைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, நான் இதுகூடப் போறேன்" என்றாய். தெருவே சிரித்தது. உன்னைப் பிய்த்தெடுத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நீ என் தோளைக் கடித்துவைத்தாய். திரும்பிப் பார்த்தால், அது மேலுதட்டைக் கோணிக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு, வீட்டுக்காரர் குடித்தனக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது. அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்காமல் போய்விட்டது.

நீ மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன் என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. மாடு எனக்குத் தெரிந்த சங்கதி. வேலைக்காலம் முழுக்க மாட்டுத்தோலோடு கிடந்தவன் நான். தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. அந்த வேலையில் கண்ணைவிட உள்ளங்கைக்குத்தான் வேலை ஜாஸ்தி. கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை கையை ஓட்டினால் உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், சூடு போட்ட இடம் எல்லாம் கைக்குத் தட்டும். அந்தக் கை சொல்கிறபடி முதல் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், ரிஜெக்ட் என்று வாய் தானாகச் சொல்லும். மகள் உயிரோடு இருக்கிற மாட்டைப் பார்த்துக்கொள்வாள், நான் செத்த மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு பேரும் ஒரே ஊரில் ஒரே தொழிலில் இருப்போம் என்று கணக்குப் போட்டேன். நீ படித்து முடித்தாய். ஊர் ஊராகப் போய் ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாய். காட்பாடியில் ரயில் ஏறினாய். நான் பிளாட்பாரத்தில் நின்று கை அசைத்தேன். நீ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒட்டகப் புத்தகத்தைத் திறந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது போன் கச்சேரி. சாப்பிட்டியா என்று நான் கேட்பேன். "சாப்ட்டேம்பா" என்று ஒரு வார்த்தை. அதோடு என் கோட்டா முடிந்தது. மீதி எல்லாம் ஒட்டகத்துக்குத்தான். திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நான் ஊர் உலகம் நம்புகிறபடி நம்பிக்கொண்டிருந்தேன். "அய்யோ அப்பா, அது தண்ணி இல்ல, கொழுப்பு" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். தீனி கிடைக்காத காலத்தில் அந்தக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு நிற்குமாம், கரையக் கரையத் திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். உடம்பு முழுக்கக் கொழுப்பு பரவினால் வெயிலில் வெந்துபோகும் என்று ஒரே இடத்தில் மூட்டை கட்டி வைத்திருக்கிறதாம். கண்ணுக்கு இரண்டு வரிசை இமை முடி. மணல் காற்று அடித்தால் மூக்கை இழுத்து மூடிக்கொள்ளும். வெளியே விடுகிற மூச்சில் இருக்கும் ஈரத்தைக்கூட மூக்குக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மூச்சில் போகிற தண்ணீரைக்கூட விடாத கஞ்சப்பிசினாரி என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். "கஞ்சம் இல்லப்பா, கெட்டிக்காரத்தனம்." நானும்தான் ஆயுசு முழுக்கச் சிக்கனமாக இருந்தேன். என்னை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை.

என் சிறுநீரகம் கெடுவதற்கு முந்தின வருஷம் நானும் அம்மாவும் உன்னைப் பார்க்க வந்தோமே, அதைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு ரயில் மாறி, ஜீப்பில் முதுகெலும்பு கழன்று, கடைசியில் அந்த ஒட்டகக்காரப் பெரியவரின் வீட்டு முன்னால் வந்து இறங்கினோம். சிவப்புத் தலைப்பாகை, காதில் கடுக்கன், மீசை கன்னத்தைத் தாண்டி நின்றது. பரம்பரையாக ஒட்டகம் வளர்க்கிற குடும்பம். நீ ஜீப்பிலிருந்து குதித்து, "பாபா!" என்று, அவர்கள் பாஷையில் அப்பா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த என்னை அப்புறம்தான், "இது எங்கப்பா" என்று காட்டினாய். காட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சிரித்தேன்.

அன்றைக்கு மந்தைக்குத் தண்ணீர் காட்டுகிற நாள். மோத்தியை அன்றுதான் முதலில் பார்த்தேன். கோடையில் பல நாள் தண்ணீர் இல்லாமல் மேய்ந்துவிட்டு வந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது, வயிறு ஒட்டிப்போயிருந்தது. தொட்டியில் வாயை வைத்தது. எடுக்கவே இல்லை. நீளக் கழுத்துக்குள் தண்ணீர் மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரிந்தது. ஏழெட்டுக் குடம் இருக்கும். நீ தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாய். "பாருப்பா, பாருப்பா, வயிறு ரொம்புது பாரு! வேற எந்தப் பிராணியா இருந்தாலும் இவ்ளோ தண்ணிய ஒரேயடியா குடிச்சா ரத்த அணு வெடிச்சிடும். மாடு, மனுஷன் எல்லாத்துக்கும் அது வட்டமா இருக்கும், இதுக்கு மட்டும் முட்டை மாதிரி. வீங்கும், வெடிக்காது." உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். நான் முதல் சம்பளத்தில் உனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், நீ பிறக்கும் முன்பே வாங்கி வைத்தது. அதைக் கேட்கும்போதுகூட உன் முகம் அப்படி ஆனதில்லை.

குடித்து முடித்ததும் நீ அதன் உடம்பைச் சோதித்தாய். சொறி இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு, கழுத்திலிருந்து பின்பக்கம் வரை உள்ளங்கையை ஓட்டினாய். பாப்பா, அது என் கை. விரலை அகட்டாமல், அழுத்தாமல், கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தடவிக்கொண்டே போகிற அந்த விதம் எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. லீவு நாளில் கம்பெனிக்கு என் கூட வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாயே, அப்போது பார்த்தது. எனக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், என் கையைக் கொண்டுபோய் இதற்குக் கொடுத்திருக்கிறாளே என்று எரிச்சல். சும்மா இருக்க முடியாமல் நானும் கையை வைத்தேன். தொடைப் பக்கம் சூட்டுத் தழும்பு தட்டியது. பழக்கதோஷம், வாய் தானாகப் பேசிவிட்டது. அதுவும் கம்பெனியில் பாய்களோடு பழகிய உருதுவில், அங்கே எல்லோருக்கும் புரிகிற மாதிரி: "இந்தச் சூடு மட்டும் இல்லேன்னா நல்ல தோலு. இது இருக்கிறதால மூணாம் நம்பர்தான் போவும்."

சுற்றி நின்றவர்கள் கையில் இருந்த டீ கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றன. தாங்கள் வளர்த்த ஒட்டகத்தை அறுப்புக்கு விற்பதைப் பற்றி வீட்டில் பேச்சுக்கூட எடுக்காத ஜனங்கள் அவர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்தான் கடைசியில் பேசினார். "அது எங்க அப்பா காலத்து அடையாளம். மணல்ல வழி தவறிப் போனா, இதைப் பார்க்கிறவன் எங்க வீட்டுக்குக் கொண்டாந்து விடுவான்." அவர் கோபப்படவில்லை. நீதான் அவசரமாக அவரிடம், "மன்னிச்சுக்கங்க பாபா, அப்பாவுக்கு வேலைப் பழக்கம்" என்றாய். நான் சொன்னது தப்புதான். ஆனால் எனக்காக நீ அந்த மீசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயே, அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அம்மா சொன்னாள், "இன்னாங்க, ஊருக்குப் போயும் தோலைத்தான் பார்ப்பீங்களா?" நான் ஜோத்பூர் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் இது வந்தது. சர்க்கரை ரொம்ப நாளாக உள்ளே இருந்து வேலை பார்த்திருக்கிறது. வேறு சிறுநீரகம் வைக்கலாம் என்றால் என் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மிஷின்தான் இனி. மிஷின்கூடப் பரவாயில்லை. ஊசிகூடப் பரவாயில்லை, குத்திக் குத்தி என் இடது கை இப்போது இருக்கிற இருப்புக்கு நானே தரம் பிரித்தால் ரிஜெக்டில்தான் போடுவேன். தண்ணீர்தான் தாங்க முடியவில்லை. காலையில் அம்மா ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பாள். அன்றைக்கு அவ்வளவுதான். டீ குடித்தால் அதில் கழியும். ரசம் ஊற்றிக்கொண்டால் அதில் கழியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையக்கூடாதே என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டால் அவனை அடித்துவிடலாம் போலத் தோன்றும். இங்கே வந்ததும் எடை போடுகிற மிஷினில் ஏற வேண்டும். அந்த டெக்னீசியன் பெண் முறைப்பாள். "இன்னா அங்கிள், இன்னிக்கும் ஜாஸ்தி குடிச்சிட்டு வந்துட்டீங்க." திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துப் பிடிபடுகிற வயதா எனக்கு?

இப்போது யோசித்துப் பார். நாலு நாள் சேர்ந்தாற்போல் குடிக்காவிட்டாலும் அலட்டிக்கொள்ளாத ஒன்று. குடித்தால் ஏழெட்டுக் குடம். ஒரு சொட்டையும் வீணாக்காத சிறுநீரகம். எத்தனை வந்தாலும் வெடிக்காத ரத்தம். அதன் பக்கத்தில் என் மகள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? பக்கத்துப் படுக்கையில் பாஷா பாய் என்று ஒருவர். செருப்புக் கடை வைத்திருந்தவர், என்னைவிட சீனியர் இந்த மிஷினில். நான் உள்ளே வரும்போதே கேட்பார், "இன்னா அண்ணே, நம்ம ஒட்டகம் இன்னிக்கு இன்னா பண்ணிச்சாம்? குடிச்சிதா?" நான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு படுப்பேன். "உடுங்க அண்ணே, அல்லா அதுக்குக் குடுத்தான், நமக்குக் குடுக்கல. அதுகிட்ட போயி பேஜார் பண்ணி இன்னா ஆவப் போவுது" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். நியாயத்தைக் கேட்டு அடங்குகிற எரிச்சல் இல்லை இது.

அப்புறம்தான் அந்த நாள். நீ போனில் வழக்கம் போல ஆரம்பித்தாய். "மோத்தி சினையா இருக்காப்பா! ரத்தம் எடுத்துப் பார்த்தேன். இவ்ளோ நாள் தண்ணி இல்லாமயும் கிட்னி எவ்ளோ சூப்பரா…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாய். நீ நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. நான் விடவில்லை. "அந்தக் கிட்னில ஒண்ண அறுத்து எடுத்துக்கினு வா. அப்புறம் பேசு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒட்டகம் போனை விட்டுப் போய்விட்டது. நீ தினமும் கூப்பிட்டாய். எடை என்ன, பிரஷர் என்ன, மாத்திரை போட்டியா. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, முழுப் பேச்சும் என்னைப் பற்றித்தான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, பாப்பா. என்னைப் பற்றிப் பேச அவ்வளவுதான் இருக்கிறது. உன் குரலும் நர்ஸ் குரல் மாதிரி ஆகிவிட்டது. இப்படியே கொஞ்ச காலம் ஓடி, போன ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா சேதி வந்தது. நான் மறுநாள் இங்கே வந்து பாஷா பாயிடம், "பாய், ஒட்டகத்தை ஜெயிச்சிட்டேன். பொண்ணு வர்றா" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லது அண்ணே" என்றார், அவ்வளவுதான். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

முந்தாநாள் இதே படுக்கையில் கிடக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் உன் பாபா. உன் ஆபீஸில் கேட்டு நம்பர் வாங்கினாராம். எனக்கு ரத்தம் கொதித்தது, அது மிஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே கொதித்தது. உன்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளாதே என்று கேட்கத்தான் இவர் போன் போடுகிறார், கேட்கட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "இப்ப தண்ணி குடிக்க முடியுதா உங்களுக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் இந்தியை என் தமிழில் எழுதுகிறேன். "குடிக்க முடியாது, இனிமே இப்படித்தான்" என்றேன். அவர் சொன்னார்:

"வெளியூர்க்காரங்க இங்க வந்தா ஒட்டகம் தண்ணி குடிக்கிறதைப் பார்க்கத்தான் ஆசையா வருவாங்க. டாக்டரம்மாவும் முன்னாடி அப்படித்தான், தொட்டி மேலயே உக்காந்திருப்பாங்க. இந்த ஒரு வருஷமா மந்தை தண்ணிக்கு வந்தா, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுப் போயி நின்னுடறாங்க. குடிச்சு முடிச்ச பெறகுதான் திரும்புவாங்க. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். போன வாரம் கேட்டேன். 'எங்கப்பாவுக்கு நாள் முழுக்கவும் ஒரு சின்ன பாட்டில்தான் பாபா. இதைப் பார்க்க என்னால முடியல'ன்னு அழுதுட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரும் மனுஷன்தானே. "எனக்கு ரெண்டு பசங்க, சூரத்துல இருக்கானுங்க. எனக்காக அவனுங்க எதுலேர்ந்தும் மூஞ்சியத் திருப்ப மாட்டானுங்க. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு, பாய்சாப்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

என்னைப் பார்த்து ஒருவருக்குப் பொறாமை. இந்தக் கையோடு, இந்தக் குழாயோடு கிடக்கிற என்னைப் பார்த்து. போனை வைத்ததும் பாஷா பாய், "இன்னா அண்ணே, கண்ணு கலங்குது, ஊசி வலிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வெயிலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், உன் உயிருக்கு உயிரான மோத்தி தண்ணீர் குடிக்கிற நேரத்தில், நீ முதுகைக் காட்டிக்கொண்டு என்னை நினைத்துக்கொண்டு நிற்கிறாய். நான் இங்கே அது என் மகளைப் பிடுங்கிக்கொண்டது என்று கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒரு வருஷமாக அதன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதனால் கேள், பாப்பா. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். வராதே. அப்பாவுக்குப் பெரிய மனசு வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதே, அப்படி ஒன்றும் வரவில்லை. இது சுத்தமான பொறாமைக் கணக்குதான். நீ இங்கே வந்தால் ஆலங்காயத்து மாடுகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, மோத்தி கன்று போட்டிருக்குமா, பால் கொடுக்குமா என்று நினைத்துக்கொண்டிருப்பாய். வாய் திறந்து சொல்லமாட்டாய், எனக்குத் தெரிந்துவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்து நீ அதை நினைப்பதை என்னால் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாது. அதன் பக்கத்தில் நின்று என்னை நினைக்கிறாயே, அந்த இடம் எனக்குப் போதும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறாள், திட்டுவதற்கு டெக்னீசியன் பெண் இருக்கிறாள். தீபாவளிக்கு வா, பொங்கலுக்கு வா, பத்து நாள் இருந்து என் உயிரை வாங்கு. அது போதும்.

அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்லாமல் முடித்தால் கடிதம் முழுமையாகாது. நாளைக்கு உனக்கும் ஒருவன் வருவான், பிள்ளைகள் வரும். அவர்கள் உன்னை விட்டு வேறு ஒன்றின் மேல் உயிராக இருப்பதை நீ பார்க்க நேரும். அப்போது எரிந்தால், எரிகிறது என்று உடனே வாய்விட்டுச் சொல்லிவிடு. நான் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் கிட்னியை அறுத்து எடுத்து வா என்று கத்த வேண்டியதாயிற்று. தலையில் துணி போடாமல் வெயிலில் நிற்காதே. தாகம் எடுக்கும் வரைக்கும் காத்திருக்காமல் குடி. நீ ஒட்டகம் இல்லை, உன் ரத்தமும் என் ரத்தம் மாதிரி வட்டமானதுதான். பாபாவிடம், அந்தச் சூட்டுத் தழும்பைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்று சொல். வழி தவறினால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிற தழும்பு முதல் நம்பர்தான்.

இன்னும் ஒன்றே ஒன்று. அடுத்த தடவை மந்தை தண்ணீருக்கு வரும்போது எனக்கு வீடியோ கால் போடு. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வேலையெல்லாம் இனி வேண்டாம். பழையபடி தொட்டி மேல் உட்கார். ஒரு சொம்பில் உனக்கும் தண்ணீர் எடுத்துக்கொள், அது குடிக்கும்போது நீயும் குடி. போனை அதன் கழுத்துக்கு நேராகப் பிடி, தண்ணீர் ஏறுவது தெரிய வேண்டும். நான் இந்தப் படுக்கையில் இருந்தால் பாஷா பாய்க்கும் காட்டுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக வயிறு எரியும். நான் கண்டபடி திட்டுவேன். நீ பதறிப்போய்ப் போனைத் திருப்பிவிடாதே. அது குடித்து முடித்துத் தலையைத் தூக்குகிற வரைக்கும் வைக்காதே.

அப்பா